யாரும் பறிக்காத மரம்

என் மனைவிக்கு ஜப்பான் போகும் ஆசை வந்ததற்கு எங்கள் வீட்டுச் செம்பருத்திதான் காரணம். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் தெருக்காரர்கள் மட்டும் சிரிக்காமல் தலையாட்டுவார்கள்.

திருவண்ணாமலையில் எங்கள் வீடு கிரிவலப் பாதையிலிருந்து பிரியும் குறுக்குத் தெருவில் இருக்கிறது. மலையைச் சுற்ற வருகிறவர்கள் கால் வலித்தால் உட்காரவும், கூட வந்தவர்களைப் போனில் தேடவும் ஒதுங்குகிற தெரு. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி அவள் செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, பவழமல்லி எல்லாம் வளர்த்திருக்கிறாள். வளர்த்தாளே தவிர அவை பூத்து நின்று அவள் பார்த்தது கம்மி. மொட்டு விரிகிற நேரமும் பக்தர்கள் தெருவுக்குள் நுழைகிற நேரமும் ஒன்று. சாதாரண நாளில் நாலு பூ மிஞ்சும். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு செடியும் முடியிறக்கிவிட்டு வந்த பிள்ளை மாதிரி நிற்கும்.

ஒருமுறை விடியற்காலையில் வாசலிலேயே காத்திருந்து ஓர் அம்மாவைக் கையும் பூவுமாகப் பிடித்தாள்.

“யாருங்க அது? கேக்காம கொள்ளாம பறிக்கிறீங்க?”

“சாமிக்குத்தாம்மா,” என்றார் அந்த அம்மா, அடுத்த கிளையை வளைத்துக்கொண்டே. “இந்தா, நீயும் ஒண்ணு வெச்சிக்கோ.” எங்கள் செடியிலிருந்தே ஒரு செம்பருத்தியைப் பறித்து இவள் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார்.

சாமி பெயரைச் சொன்ன பிறகு அப்பீல் கிடையாது. உள்ளே வந்து அந்தச் செம்பருத்தியை மேசைமேல் வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “சாமிக்குப் போறதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்க. ஆனா ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, கைக்கு எட்டுற செடியில பூவு அப்படியே இருக்கணும். யாரும் தொடாம இருக்கணும். நான் உக்காந்து பாக்கணும்.”

அவள் தன் செடியிலிருந்து தானே பறிப்பதில்லை. சாமிக்கும் தலைக்கும் பூக்காரம்மாவிடம் முழம் போட்டு வாங்குவாள். தோட்டம் வைத்துக்கொண்டு பூவைக் காசு கொடுத்து வாங்கும் வீடு எங்கள் தெருவில் எங்களுடையது ஒன்றுதான்.

எங்கள் மகள் யோகோஹாமாவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். ஒரு மார்ச் மாதக் கடைசியில் வீடியோ காலில் வந்து, கேமராவைத் திருப்பித் தன் தெருவைக் காட்டினாள். இரண்டு பக்கமும் சகுரா மரம். இலை என்ற பேச்சே இல்லை. அடிக்கிளையிலிருந்து நுனிவரை வெளுத்த ரோஸ் நிறத்தில் வெறும் பூ. நான் “அடேங்கப்பா!” என்று போனைப் பிடுங்கினேன். என் மனைவி அதைத் திரும்பப் பிடுங்கினாள். ஆனால் பூவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

“யாருடி அதுக்குக் காவலு?”

“யாரும் இல்லம்மா. ரோட்டு மரம்தானே.”

“கையெட்டுற மாதிரி தொங்குது. யாரும் பறிக்க மாட்டாங்களா?”

“மாட்டாங்கம்மா. வந்து நிப்பாங்க, பாப்பாங்க, போட்டோ எடுப்பாங்க. அடியில ஷீட்டு போட்டு உக்காந்து சாப்பிடுவாங்க. போயிடுவாங்க.”

“பொய் சொல்லாதடி. அவ்ளோ ஜனத்துல ஒருத்தர்கூடவா கை வெக்க மாட்டாங்க?”

“நீயே வந்து பாரு.”

அவ்வளவுதான். அன்றைக்கே அவள் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து என்னிடம் எந்த ஊருக்கும் கூட்டிப்போகச் சொல்லி வாய்திறந்து கேட்காதவள் கேட்ட முதல் ஊர் அது. காவல் இல்லாத, கைக்கு எட்டுகிற, யாரும் பறிக்காத ஒரு பூமரம். அதை அவள் தன் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

பாஸ்போர்ட் வந்து, அடுத்த வருடம் டிக்கெட் போடும் நேரத்தில் அந்தப் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் கேட்டு வாங்கிய பொறுப்புகளின் கதை இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் அன்றைக்கு ஒருவரும் தடுக்கவில்லை.

“மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம். அதைத் தாண்டிடாதீங்கப்பா,” என்று மகள் தெளிவாகத்தான் சொன்னாள். நான்தான் அதை என் அறிவுக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டேன். நான் ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். அங்கே முதல் வாரம் என்றால் மாதம் முடிவதற்குள் என்று பொருள். அதோடு எனக்குத் தெரிந்த பூ மல்லிகை. அதன் சீசன் மாசிக் கடைசியில் தொடங்கி வெயில் முழுவதும் ஓடும். ஒரு வாரத்துக்கு மட்டும் பூக்கிற பூவை நம்பி ஒரு நாடே காத்திருக்கும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைகள் பெற்றோரை அவசரப்படுத்துவதற்குச் சொல்கிற கணக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

இவை சின்னக் காரணங்கள். பெரிய காரணம் சித்ரா பௌர்ணமி.

வேறு ஊர்க்காரர்கள் பயணம் போவதென்றால் லீவு பார்ப்பார்கள், பரீட்சை பார்ப்பார்கள். நாங்கள் பார்ப்பது பௌர்ணமி. அதிலும் சித்திரையில் வருவது வந்தால் பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். ஜனம் அங்கிருந்து நடந்து உள்ளே வரும். எங்கள் தெருவின் முனையில் தடுப்பு வந்துவிடும். முன்பெல்லாம் முந்தின நாளே ஸ்கூட்டரை வேங்கிக்காலில் மச்சான் வீட்டில் விட்டுவிட்டு நான் நடந்து வருவேன். காலையில் பால் பாக்கெட்டை எடுக்க வேண்டுமென்றால் வாசலில் துண்டு விரித்துப் படுத்திருப்பவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் இப்போதெல்லாம் அந்த நாட்களில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூரில் இருக்கும் மச்சினிச்சி வீட்டுக்குப் போய்விடுவது எங்கள் வழக்கம். பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். சித்ரா பௌர்ணமி ஏப்ரல் கடைசியில் வருகிறது. இந்த வருடம் கீழ்பென்னாத்தூருக்குப் பதிலாக ஜப்பான். ஒரே டிக்கெட்டில் கூட்டத்துக்கும் தப்பிக்கலாம், பூவையும் பார்க்கலாம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, மாற்றவோ ரத்து செய்யவோ முடியாத டிக்கெட்டாகப் பார்த்துப் போட்டேன்.

போட்டுவிட்டு மகளுக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில்.

தேதியைச் சொன்னேன்.

“அப்பா. நீங்க வர்றப்ப இங்க மரம் இருக்கும்.”

“அதான வேணும்?”

“மரம் மட்டும்தான் இருக்கும். பூவெல்லாம் உதிர்ந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆயிருக்கும். இன்னொண்ணு சொல்லவா? அந்த வாரம் இங்க கோல்டன் வீக். நாடு மொத்தத்துக்கும் லீவு. ரயிலு, பஸ்ஸு, பார்க்கு, எல்லா எடத்துலயும் ஜனம். நீங்க ஒரு சித்ரா பௌர்ணமிக்குத் தப்பிச்சி இன்னொரு சித்ரா பௌர்ணமிக்கு வர்றீங்க.”

பின்னால் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். அன்று இரவு எனக்குத் தோசை வந்தது. சட்னி வரவில்லை.

தப்பு செய்த மனிதனுக்கு வருகிற சுறுசுறுப்பு வேறு யாருக்கும் வராது. மறுநாளிலிருந்து நான் சகுரா ஆராய்ச்சியில் இறங்கினேன். இறங்கியவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பூ நாடு முழுக்க ஒரே நாளில் பூப்பதில்லை! தெற்கே தொடங்கி, குளிர் விலக விலக, ஊர் ஊராக வடக்கே ஏறிக்கொண்டே போகிறது. நமக்கு எப்படி மழை எந்த மாவட்டத்துக்கு வந்திருக்கிறது என்று டிவியில் சொல்வார்களோ, அப்படி அங்கே பூ எந்த ஊர்வரை வந்திருக்கிறது என்று வரைபடத்தில் கோடு போட்டுச் சொல்கிறார்கள். பூவுக்கு வானிலை அறிக்கை! அலுவலகத்தில் ஆளாளுக்குப் பிடித்து நிறுத்தி இதைச் சொன்னேன். ஈட்டிய விடுப்புக்குக் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியிடமும் சொன்னேன். “சரிங்க, சரிங்க” என்று பாதியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஏப்ரல் கடைசியில் அந்தக் கோடு வடகோடியில் அவோமோரி பக்கம் போயிருக்கும் என்று கணக்குப் போட்டு மகளிடம் சொன்னேன்.

“தெரியும்பா. நீங்க தேதி சொன்ன அன்னிக்கே அவோமோரிக்கு ரயில்ல எடம் போட்டு வெச்சிட்டேன். இல்லாட்டி கெடைக்காது.”

என் ஆராய்ச்சிக்கு அங்கே வேலை இல்லை என்று தெரிந்தது. உற்சாகம் மட்டும் குறையவில்லை.

யோகோஹாமாவில் போய் இறங்கினோம். வீடியோவில் பார்த்த அதே தெரு. இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்று மரங்கள், இலை தவிர வேறொன்றும் இல்லை. என் மனைவி ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“நல்ல நெழலு,” என்றாள்.

இதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

மகள் விடவில்லை. சகுரா போனால் என்ன, இது வேறு பூக்களின் காலம் என்று மறுநாளே ஒரு தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். ஃபுஜி என்று ஒரு கொடி. பந்தல் போட்டு விட்டிருக்கிறார்கள். பந்தல் என்றால் நாலு கால் பந்தல் இல்லை, ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு. அதன் கீழே ஊதா நிறத்தில் சரம் சரமாக, தலையில் இடிக்கிற உயரம்வரை பூ தொங்குகிறது. காற்று அடித்தால் மொத்தப் பந்தலும் அசைந்து வாசனை இறங்குகிறது. நான் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடினேன். திரும்பி வந்து “அந்தப் பக்கம் வெள்ளை!” என்று கத்தினேன். மறுபடி ஓடினேன். ஐம்பத்து நாலு வயது அரசு ஊழியன் இப்படி ஓடக்கூடாதென்று விதி இருக்கலாம், ஆனால் அது அந்த மாவட்டத்துக்குப் பொருந்தாது.

“எப்படிம்மா?” என்றாள் மகள்.

“பொடலங்கா பந்தலு மாதிரி கீது. அழகா கீது,” என்றாள் என் மனைவி. பிறகு சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். “உள்ள வர்றதுக்கு டிக்கெட்டு வாங்கின. கயிறு கட்டியிருக்கான். அதோ தொப்பி போட்டுக்கினு ஆளு நிக்கிறான். காவலு இருந்தா நம்மூர்லகூடத்தான் பறிக்க மாட்டாங்க.”

“அப்ப இது கணக்குல வராதா?”

“எப்படி வரும்?”

கடலோரத்தில் ஒரு குன்று முழுக்க நீலப் பூ விரித்திருந்த இடத்துக்கும் போனோம். எது வானம், எது தரை என்று தெரியவில்லை. அங்கேயும் டிக்கெட், அங்கேயும் கயிறு. அதுவும் கணக்கில் வரவில்லை.

அவோமோரி போகும் ரயில் போகிற வேகத்தைப் பற்றி நான் எழுதினால் தனிப் புத்தகமாகிவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். வழியில் இடது பக்கம் உச்சியில் பனி படிந்த ஒரு மலை வந்தது. நானும் என் மனைவியும் ஒரே நேரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். இந்த மலையைச் சுற்றுவதென்றால் எங்கே ஆரம்பிப்பார்கள், செருப்பை எங்கே விடுவார்கள் என்று எனக்கு யோசனை ஓடியது. மகளிடம் கேட்டேன். “ஏறுவாங்கப்பா. சுத்த மாட்டாங்க,” என்றாள். மலையில் போய் ஏறுவதா என்று எங்களுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

நாங்கள் இறங்கியது அவோமோரி பக்கத்தில் ஒரு பழைய கோட்டை ஊர். கோட்டையைச் சுற்றி அகழி, அகழிக் கரை நெடுக சகுரா மரங்கள். ஸ்டேஷனிலிருந்தே கூட்டம். ஜனம் போகிற திசையில் நாங்களும் போனோம். கூட்டத்தில் நடப்பது மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் மனைவி முழங்கையைக் கொஞ்சம் வெளியே வைத்து, குழந்தை வைத்திருப்பவர்களுக்கு வழிவிட்டு, மற்றவர்களுக்கு விடாமல், கிரிவல நடையில் போனாள். அகழிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அந்த வருடம் வெயில் முன்னாலேயே வந்துவிட்டதாம். மரத்தில் பூ இல்லை. பூ முழுவதும் தண்ணீரில் இருந்தது.

நான் மறுபடி கத்திவிட்டேன். அகழியில் தண்ணீரே தெரியவில்லை! கரையிலிருந்து கரைவரை ரோஸ் நிற இதழ், பாய் விரித்த மாதிரி. ஒரு வாத்து நீந்திப் போனால் பின்னால் கறுப்பாக ஒரு கோடு விழுந்து, கொஞ்ச நேரத்தில் இதழெல்லாம் கூடி அதை மூடிவிடுகிறது. “பாரு, பாரு, மூடிக்கிச்சு பாரு!” என்று ஒவ்வொரு வாத்துக்கும் நான் கூவினேன். பக்கத்தில் நின்ற ஜப்பானியர்கள் வாத்தை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

என் மனைவி கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. கூடவே, சாட்சி கிடைக்காத போலீஸ்காரர் முகமும் இருந்தது.

“ஏன்மா, பிடிக்கலியா?”

“பிடிக்காம என்னடி. ஆனா இது உதிர்ந்ததா, பறிச்சுப் போட்டதானு எப்படித் தெரியும்?”

மகள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். மறுநாள் மாலை ரயில். அதற்கடுத்த நாள் விமானம். இதற்கு மேல் வடக்கே போக வேண்டுமென்றால் கடலைத் தாண்ட வேண்டும். நான் முதல்முறையாக உண்மையிலேயே மனம் நொந்தேன். ஒரு பெண் ஒரே ஒரு ஊர் கேட்டாள். அவளை நான் இரண்டு வாரத்துக்கு மேல் தாமதமாக அங்கே கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன்.

“ஏங்க,” என்றாள் அவள். கோட்டைக்குப் பின்னால், ஊருக்கு வெளியே, தனியாக ஒரு மலை நின்றது. பாதிக்கு மேல் இன்னும் பனி. “அங்க குளிரு ஜாஸ்திதானே?”

“பின்ன? பனி கீதே.”

“குளிரு விலக விலகத்தானே பூக்கும்னு ஊர்ல ஆபீஸ் ஆளுங்க கிட்டல்லாம் சொன்னீங்க? இங்க குளிரு விலகிப் பூவு முடிஞ்சிடுச்சி. அங்க இன்னும் விலகல. அப்ப அங்க இப்பதானே பூக்கணும்?”

நான் வடக்கு வடக்கு என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே என்று ஒரு திசை இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. மலையைச் சுற்றியே பழகியவன் புத்தி அவ்வளவுதான் போகும். மகள் போனில் தேடினாள். தேடத் தேட அவள் புருவம் உயர்ந்தது.

“அம்மா! மலையடிவாரத்துக்குப் போற ரோடு பூரா சகுராவாம்மா. வேற ஜாதி. லேட்டாத்தான் பூக்குமாம். நாளைக்குக் காலையில பஸ் இருக்கு!”

மறுநாள் காலை பஸ்ஸில் பாதி இடம் காலி. ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் ஆப்பிள் தோட்டம். பிறகு சாலை ஏற ஆரம்பித்தது. ஒரு வளைவு. நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், ஆகையால் முதலில் பார்த்தது நான்தான். ஆனால் என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த மனைவியின் தோளைத் தட்டினேன், அவ்வளவுதான் முடிந்தது.

சாலையின் ஓரத்தில், வரிசையாக, கண்ணுக்கு எட்டுகிறவரை, பூ. வீடியோவில் பார்த்ததைவிட அடர்ந்த ரோஸ் நிறம். அதற்கு மேலே பனிமலை, அதற்கு மேலே நீல வானம். மரத்தடிப் பள்ளங்களில் இன்னும் கரையாத பனி அழுக்காகக் கிடந்தது.

இறங்கினோம். டிக்கெட் இல்லை. கயிறு இல்லை. தொப்பிக்காரர் இல்லை. கிளைகள் தோளுயரத்தில் தொங்கின. மகள் ஒரு மரத்தடியில் ஷீட் விரிக்கப் போனாள்.

“அங்க வேணாம்,” என்றாள் என் மனைவி. “இப்படி, எதிர்ப்பக்கம் போடு. இங்கேர்ந்து பாத்தா நாலு மரம் தெரியும்.”

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தோம். எங்களுக்கு எதிரே நாலு மரம். அங்கங்கே குடும்பம் குடும்பமாக ஆட்கள். என் மனைவி முதுகை நிமிர்த்திக்கொண்டு காவலை ஆரம்பித்தாள்.

முதலில் ஒரு சின்னப் பெண்குழந்தை. அப்பா தூக்கிக் கிளைக்கு நேராகப் பிடித்தார். “போச்சு,” என்றாள் இவள் தாழ்ந்த குரலில். குழந்தை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மூக்கை மட்டும் நீட்டி முகர்ந்தது. இறங்கி ஓடிவிட்டது.

அடுத்து நீளமான லென்ஸ் வைத்த கேமராவோடு ஒருவர். கிளைக்குள் தலையை நுழைத்து வெகுநேரம் நின்றார். “என்னா பண்றான் அவன்? கை தெரியல பாரு.” கை வெளியே வந்தது. கேமரா மட்டும்தான் இருந்தது.

பிறகு நாலு பெண்கள், எங்கள் வயது இருக்கும், ஆளுக்கொரு துணிப்பையோடு வந்தார்கள். என் மனைவி என் கையைக் கிள்ளினாள். “பை எடுத்துக்கினு வந்திருக்காங்க. இவங்கதான்.”

அவர்கள் மரத்தடிக்குப் போனார்கள். அண்ணாந்து பார்த்தார்கள். ஷீட் விரித்தார்கள். பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

“அம்மா, பூவைப் பாரும்மா. வந்ததுலேர்ந்து ஆளுங்க கையையே பாத்துக்கினு இருக்க,” என்றாள் மகள்.

“பாக்கறேன், இரு. அப்புறம் பாக்கறேன்.”

இவ்வளவு பேர் வந்தார்கள், நின்றார்கள், போனார்கள். ஒரு கை நீளவில்லை. ஒரு காம்பு ஒடியவில்லை. நியாயமாக அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அவளுக்கோ பதற்றம் ஏறிக்கொண்டே போனது. இன்னும் கொஞ்ச நேரம் தாங்க வேண்டுமே என்கிற பதற்றம்; கடைசி ஓவரில் மேட்ச் பார்ப்பவர்களுக்கு வருமே, அது.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போய் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டு, “என்னை ஒரு போட்டோ எடு!” என்று மகளைக் கூப்பிட்டேன். பூ என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. அவ்வளவு பக்கத்தில் பார்த்தால் ஒவ்வொரு பூவும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி ஈரமாக இருந்தது. என்னை அறியாமல் சந்தோஷம் பொங்கியது. மகள் போனைத் தூக்கிப் பிடித்தாள். நான் சிரித்தேன்.

“ஏங்க!”

மலைச்சரிவு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. துணிப்பைப் பெண்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். கைகளைப் பின்னால் கட்டியிருந்த குழந்தை வாயைத் திறந்து என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். என் வலது கை மேலே போயிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு பூவின் காம்பைப் பிடித்து, கிள்ளுவதற்குத் தயாராக நகத்தை வைத்திருந்தன. சத்தியமாக நான் அதற்கு உத்தரவிடவில்லை. தோளுயரத்தில் பூ இருந்தால் அந்தக் கை அப்படித்தான் போகும். பிறந்ததிலிருந்து வேறெப்படியும் போய் அதற்குப் பழக்கமில்லை.

என் மனைவி செருப்பில்லாமல் சாலையைத் தாண்டி வந்தாள். விரல்களை ஒவ்வொன்றாகக் காம்பிலிருந்து பிரித்தாள். பூ தப்பித்தது.

“கை தானாப் போயிடுச்சு,” என்றேன்.

“ஊரு ஒலகம்லாம் எவன் பறிக்கிறான், எவன் பறிக்கிறான்னு பாத்துக்கினு இருந்தேன். அந்த ஆளை நானே பிளேன்ல ஏத்திக் கூட்டிக்கினு வந்திருக்கேன்!”

மகள் சிரித்து ஷீட்டில் சாய்ந்துவிட்டாள். துணிப்பைப் பெண்களுக்குப் பாஷை தேவைப்படவில்லை. அவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதில் ஒருத்தர் எழுந்து வந்து, குனிந்து வணங்கி, நறுக்கிய ஆப்பிளை ஒரு டப்பாவில் கொடுத்துவிட்டுப் போனார். என்னைத் தேற்றுவதற்கா, என் மனைவியைத் தேற்றுவதற்கா என்று தெரியவில்லை. இவள் பதிலுக்கு முறுக்கு கொடுத்தாள். அவர்கள் கடித்த சத்தம் எங்களுக்குக் கேட்டது.

என்னைத் தரதரவென்று அழைத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்தாள். என் வலது கையைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்து மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். இந்த வயதிலும் இப்படிக் கைகோத்து உட்கார்ந்திருக்கிறார்களே என்று நினைத்திருப்பார்கள். மகள்கூடச் சத்தமில்லாமல் ஒரு படம் எடுத்தாள். அது காவல் என்பது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆள் பிடிபட்டுவிட்டதாலோ என்னவோ, அதற்குப் பிறகு அவள் யாருடைய கையையும் பார்க்கவில்லை. தோள் தளர்ந்தது. மெதுவாக முகத்தை நிமிர்த்தினாள். அடிக்கிளையில் தொடங்கி, அதற்கு மேலே, அதற்கும் மேலே என்று ஒவ்வொரு கிளையாகப் பார்த்துக்கொண்டே போனாள். காற்று வந்து மரம் முழுவதும் அசைந்தது. புதுப் பூவானதால் ஒன்றுகூட உதிரவில்லை.

“எல்லாம் அப்படியே கீதுங்க,” என்றாள்.

பேசினால் கெட்டுவிடும் என்று எனக்கே தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து வளைவில் ஹார்ன் கேட்டது. மகள் டப்பாக்களை மூட ஆரம்பித்தாள். “அம்மா, பஸ் வந்துடுச்சு.”

“அடுத்ததுல போலாம்.”

“அடுத்தது சாயங்காலம்மா. அதுல போனா ரயிலுக்கு ஓடணும்.”

“ஓடலாம்,” என்றாள் அவள், மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பஸ் நின்றது, யாரும் ஏறவில்லை, போய்விட்டது. அவள் என் கையை விடவில்லை.